முதலில் படம், அப்புறம்தான் எண்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் யார் பெரியவர் என்று வாசலில் நிற்கும் காவலாளியைக் கேட்டால் டாக்டரம்மா என்பார். படக்காரரைக் கேட்டால் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரிப்பார். கேட்டவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

படக்காரர் என்பது ஆஸ்பத்திரியில் அவருக்கு விழுந்த பெயர். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கும் திரையைப் படம் எடுப்பது அவர் வேலை. குடும்பத்தில் அவர் வெறும் தம்பி. அவருடைய அக்காவுக்கு இந்த உலகத்தில் யாரைப் பற்றியும் பெரிய அபிப்பிராயம் கிடையாது, தம்பியைப் பற்றிச் சுத்தமாகக் கிடையாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. சட்டை தைத்து வெளியூருக்கு அனுப்பும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த சட்டையைக் குழல் விளக்குக்கு அடியில் விரித்துப்போட்டு, விட்டுப்போன தையல், கோணல் காலர், எண்ணெய்க் கறை, பிசிறு நூல் என்று தேடித் தேடிக் குறை பிடிக்கிற வேலை. பகலெல்லாம் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

தம்பியின் கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். படிப்பு ஏறவில்லை. ஒரு ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் கல்யாணப் படம் எடுக்கப் போனார். அவர் எடுத்த படங்களில் பெண்ணுக்குத் தலை இருந்தால் மாப்பிள்ளைக்குத் தோள் இருக்காது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நிற்பார்கள். சண்டைக்கு வந்தவர்களிடம், "கலைக்கண்ணு இருந்தாத்தான் இதெல்லாம் புரியும்" என்பாராம். எல்லோர் கையிலும் போன் வந்து, எல்லோரும் படம் எடுக்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோவை இழுத்து மூடினார்கள். கலைஞர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

அக்காதான் ஓடினாள். தெரிந்த நர்ஸ் ஒருத்தியிடம் போய் நின்று, கெஞ்சி, தம்பியை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். அங்கேயே வேலையும் சொல்லிக் கொடுத்தார்கள். அவரோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, ஆஸ்பத்திரிக்காரர்கள் தன்னைத் தேடி ஸ்டூடியோவுக்கு வந்ததாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அக்கா காதில் அது விழுந்தது. "ஆமா, கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள்.

பழக்கதோஷம் அவரை விடவில்லை. கேமராத் தாங்கியில் தாடையை வைத்துக்கொண்டு, கண் விரிந்து, கை நரம்பில் குத்திய ஊசியோடு பயந்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து, "எங்கே, கொஞ்சம் சிரிங்க" என்பார். கேமரா பார்ப்பது கண்ணின் உட்பக்கத்தை. பல் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன! அந்த ஆளும் சிரித்துத் தொலைப்பார்.

அவர் எடுக்கும் படங்களிலேயே ஒசத்தி, சாயம் ஏற்றி எடுக்கும் படம். கை நரம்பில் ஊசி வழியாக ஆரஞ்சு நிறச் சாயத்தை நர்ஸ் ஏற்றுவாள். அது ரத்தத்தோடு ஓடிக் கண்ணுக்கு வந்து சேரும். நீல வெளிச்சம் பட்டதும் மின்னும். கண்ணுக்குள் அழற்சி இருந்தால் நாளங்கள் ஒழுகும், ஒழுகுகிற இடமெல்லாம் சாயம் கசிந்து பளிச்சென்று படத்தில் தெரியும். சிலருக்கு ஊசி ஏறியதும் குமட்டும். முகம் மஞ்சளடிக்கும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், மறுநாள் சரியாகிவிடும். அந்தப் படங்களில் நன்றாக வந்தவற்றைப் பெரிதாக அச்சுப்போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார் படக்காரர். வருகிறவர்கள் நிலாவா என்று கேட்பார்கள், அறுத்த பழமா என்று கேட்பார்கள். "கண்ணு! என்ன அழகா ஒழுகுது பாருங்க" என்பார். ஒழுகுகிற கண்ணுக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் எங்கே சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாரோ, யாருக்குத் தெரியும்.

அக்காவுக்கு வலது கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. சிவந்து வலித்தபோது சூடு என்று நினைத்துக் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். டாக்டரம்மாவிடம் வந்தபோது உள்ளே அழற்சி முற்றி, காரியம் கெட்டுவிட்டது. இப்போது அதே வியாதி இடது கண்ணிலும் தலை காட்டியது.

"இந்தக் கண்ணையும் விட்டா உங்களுக்கு வேற கண்ணு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"எனக்கும் எண்ணத் தெரியும் டாக்டர்" என்றாள் அக்கா.

வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு உதறல்தான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள், அவள் வீட்டிலேயே இடம் கிடையாது. கண் இருக்கிற வரைதான் செக்கிங் வேலை, வேலை இருக்கிற வரைதான் தன் ஒற்றை அறை வீடு. கண் போனால் தம்பி வீட்டுக் கூடத்தில், ஒழுகுகிற கண் படங்களுக்கு அடியில், அவர் பேசுகிற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வேண்டும். குருடாவதை விட அவளுக்கு அதுதான் பயம். அதனால் மருந்து விஷயத்தில் மட்டும் அவள் ராணுவம். சொட்டு மருந்தையும் மாத்திரையையும் ஒரு வேளை தவறவிட்டதில்லை.

அவள் கண்ணின் நிலவரத்தை டாக்டரம்மா ஓர் எண்ணை வைத்துத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு தனி மிஷின், தனி அறை. கண்ணின் முன்பக்கம் கொஞ்சம் நீர் இருக்கிறது. அழற்சி வந்தால் அதில் புரதம் கசிந்து நீர் கலங்கும். மிஷின் மெல்லிய சிவப்பு வெளிச்சத்தை அதற்குள் அனுப்பி, எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்லும். எண் ஏறினால் மருந்து ஏறும், இறங்கினால் மருந்து இறங்கும். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டரம்மா எல்லோரையும் உட்கார வைத்துத் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்: "முதல்ல எண். அதுக்கப்புறம்தான் கண்ணை விரிக்கிற சொட்டு மருந்து, சாயம், படம் எல்லாம். யாரும் மாத்தக் கூடாது." படக்காரரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டினார்.

ஆட்டிய தலைக்குள் அன்றிலிருந்து ஒரே எரிச்சல். எண் எடுக்கிறவர் ஒரு தனிப் பிறவி. டீ குடித்து முடித்து, பேப்பரை மடித்து, செருப்பைத் தேடி, அறையைத் திறப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். அதன் பிறகு வருகிறவர்கள் பசியோடு படக்காரர் அறைக்கு வந்து, ஊசி ஏறியதும் அவர் சட்டையிலேயே வாந்தி எடுப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது, "எண்ணே போதுமான அளவு சொல்லுது, ஒவ்வொரு தடவையும் படம் வேண்டியதில்ல" என்று டாக்டரம்மா ஒரு நாள் சொன்ன வார்த்தை.

"எண்ணாம் எண்ணு! மளிகைக் கடையில பருப்பு எடை போட்ட மாதிரி ஒரு எண்ணு. அதுக்குப் பின்னாடி என் கேமரா வரிசையில நிக்கணுமா?" என்று அக்காவிடமே வந்து குமுறினார்.

"நின்னா என்ன, கேமராவுக்குக் கால் வலிக்குமா?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஏதோ கருத்தரங்குக்கு வெளியூர் போனார். அந்த இடைவெளியில் படக்காரர் வரிசையைத் திருப்பிப்போட்டார். முதலில் படம், அப்புறம்தான் எண். யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எண் எடுக்கிறவரும் ஏன் என்று கேட்கவில்லை. நிதானமாக இன்னொரு டீ குடிக்கலாம், அவருக்கு என்ன கசக்குமா? டாக்டரம்மா திரும்பி வந்த பிறகும் அந்த வரிசை அப்படியே நின்றது.

அந்த மாதம்தான் அக்காவுக்குப் படமும் எடுக்க வேண்டிய முறை வந்தது. தம்பி வாசலுக்கே வந்து, தோளில் கை போட்டு, நேராகத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏண்டா, எப்பவும் அந்தச் சிவப்பு வெளிச்ச ரூமுக்குத்தானே முதல்ல போவேன்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பழைய ஏற்பாடுக்கா. இப்ப இங்க நான் வச்சதுதான் சட்டம்."

சட்டையில் ஒரு பிசிறு நூலை விடாதவள் அன்றைக்கு இதை விட்டுவிட்டாள். நர்ஸ்கள் அவனுக்கு, இல்லை, அவருக்கு வழிவிட்டு நின்றதைப் பார்த்து மனசு கொஞ்சம் குளிர்ந்திருந்தது. பரவாயில்லையே, நம்ம பையனை நாலு பேர் மதிக்கிறார்களே என்று தோன்றிவிட்டது. ஆயுசில் ஒரு நாள் தம்பியைப் பற்றி நல்லதாக நினைத்தாள், பாவம், அந்த நாளைப் பார்த்தா நினைக்க வேண்டும்.

கண்ணை விரிய வைத்தார்கள், சாயம் ஏற்றினார்கள், பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து மஞ்சள் முகத்தோடு எண் அறைக்குப் போய்த் தாடையை வைத்தாள். எண் எக்கச்சக்கமாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா விளக்கில் பார்த்தார். "சாயம் இருக்கறதால நீர் சரியாத் தெரியல. ஆனா எண் நல்லா எறங்கியிருக்கு" என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தி, சொட்டு மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். அக்கா செக்கிங் மேஜையில் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். படக்காரர், "எல்லாம் நம்ம கேமரா ராசி" என்று சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் குழல் விளக்கைச் சுற்றி ஒரு புகை தெரிந்தது. விளக்கைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தார்கள். புகை போகவில்லை. கண் கூசியது, உள்ளே ஆணி அடித்த மாதிரி வலித்தது. அடுத்த செக்கப் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நாள் அவள் பார்த்து அனுப்பிய சட்டைக் கட்டு திரும்பி வந்தது. பட்டன் துளையே இல்லாத சட்டைகள் அதில் இருந்தன. சூப்பர்வைசர் திட்டவில்லை. "அக்கா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இதற்குக் கழிப்பறைக்குப் போய் அழத்தான் முடிந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பியும் கூட வந்து நின்றார். டாக்டரம்மா விளக்கில் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? உள்ள பூரா கலங்கிக் கிடக்கு. போன தடவை அவ்வளவு நல்லா இருந்துச்சே. நான் கொறைச்சுக் கொடுத்ததையும் போடாம விட்டுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர்! ஒரு வேளைகூட விடலை."

"போட்டிருந்தா இவ்வளவு வேகமா திரும்பாது. உண்மையைச் சொல்லுங்க."

அக்கா தம்பி இருந்த பக்கம் திரும்பினாள். அவருக்கு வரிசை தெரியும். கூட்டத்தில் சொன்னது தெரியும், தான் மாற்றியது தெரியும். அக்கா மருந்தை எடுத்துக்கொள்கிற ஒழுங்கும் தெரியும். சொல்வதற்கு ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்காவுக்குக் கொஞ்சம் மறதி மேடம். வயசாகுது இல்லையா."

இவ்வளவு நேரம் அவர், இவர் என்று மரியாதை கொடுத்தது போதும். இனிமேல் அவன்தான்.

அக்கா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மறதியா? இவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்க எத்தனை தடவை அந்த நர்ஸ் வாசலில் நின்றோம் என்பதைக்கூட மறக்காதவளுக்கா மறதி?

ஆனால் பொய் சொன்னவன் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மறதின்னா அப்பவும்தானே இருந்திருக்கும், போன தடவை எண் எப்படிக் கொறஞ்சுது? மருந்து போடாத கண்ணுல கொறையாதே." அன்றைய மஞ்சள் முகம் ஞாபகம் வந்தது. "அம்மா, அன்னிக்கு முதல்ல எந்த ரூமுக்குப் போனீங்க?"

"தம்பி ரூமுக்குத்தான். ஊசி போட்டுப் படமெல்லாம் எடுத்தப்புறம்தான் அந்தச் சிவப்பு வெளிச்ச ரூமுக்கு அனுப்பினான். இப்ப அப்படித்தானாமே டாக்டர்?" என்றாள் அக்கா. அதில் இருந்த விபரீதம் அவளுக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

டாக்டரம்மா அவனைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"ஒரு வசதிக்காக மேடம்..."

"யாரு வசதிக்கு? கண்ணை விரிச்சு, சாயத்தை ஏத்தி, அவ்வளவு வெளிச்சம் அடிச்சப்புறம் எடுத்த எண்ணை, அதெல்லாம் இல்லாம எடுத்த எண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியுமா? எது கண்ணோட எண், எது நாம போட்டதோட எண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை நம்பி நான் மருந்தை நிறுத்திட்டேனேய்யா!" குரல் உடைந்தது. "எண் ரூம்ல இருந்து மஞ்சள் முகத்தோட வந்ததை நானும்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை கேக்காம விட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தரையில் அப்படி என்ன கலை இருந்ததோ.

அக்காவுக்கு அன்றே கண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள், மாத்திரையைப் பழையபடி ஏற்றினார்கள். எவ்வளவு பார்வை திரும்பும் என்று கேட்டபோது டாக்டரம்மா, "பொய் சொல்ல மாட்டேன்மா, தெரியலை" என்றார். வெளியே வந்ததும் அவன் அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"அக்கா, மனசுல வச்சுக்காத. பதட்டத்துல வாய் தவறிடுச்சு."

"கண்ணைக் கெடுத்ததைக்கூட விட்டுடறேண்டா. உனக்கு அறிவு அவ்வளவுதான்னு எனக்கு எப்பவோ தெரியும். என்னைப் பொய்க்காரியாக்கினியே, அதை எங்க கொண்டு போய் வைக்கறது?" என்றாள். பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். படியில் தடுக்கினாள், அப்போதும் அவன் தோளைத் தொடவில்லை.

வரிசை மாறியிருந்த அந்தக் காலத்தில் எண் எடுத்துக்கொண்ட நோயாளிகள் எல்லோரையும் டாக்டரம்மா திரும்ப வரவழைத்தார். மறு வாரம் நடைபாதை பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. அக்காவும் போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரில் இருந்தவர்கள் அவளுக்கு உருவங்களாகத்தான் தெரிந்தார்கள், முகம் கிடையாது. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், மருந்தை நிறுத்தியதிலிருந்து தனக்குப் பேரப்பிள்ளை முகம் தெரியவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தக் குரல் வந்தது. பழைய குரல், காலரைச் சரிசெய்துகொள்கிற குரல்.

"யாரும் பயப்படாதீங்க. அந்த எண் மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு. இப்ப சரி பண்ணியாச்சு. நான் அப்பவே சொன்னேன், படம்தான் என்னிக்கும் நம்பகம்னு."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவனுக்கு வெட்கம் என்ற ஒன்றை வைக்காமலே அனுப்பிவிட்டார்களே! பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள். தையல் மிஷின்கள் நூறு ஓடும் இடத்தில் பேசிப் பழகிய குரல், நடைபாதையின் கடைசி வரை கேட்டது. "முதல்ல எண் எடுக்கணும்னு டாக்டர் சொன்னதை, தன் படம் முன்னாடி வரணும்னு மாத்தினது இவன்தான். அதனாலதான் எண் தப்பாச்சு, உங்க மருந்து நின்னுது. எனக்கும் அப்படித்தான். கேட்டா எனக்கு மறதின்னான். நான் இவனோட கூடப் பிறந்த அக்கா. சொந்தக் கண்ணு மாதிரி பார்த்து வளர்த்தேன்."

"அக்கா! என் மானத்தை வாங்காத. வேலை போயிடும்."

"போகட்டும். எனக்குப் போயிடுச்சு."

பெரியவர் மெதுவாக எழுந்தார். "அப்ப என் மருந்து நின்னதும் உங்களாலதானா தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவன் கை காலருக்குப் போனது.

எண் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அக்காவின் முறை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு அவள் தடுமாறியபோது அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"வாக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கையை உருவிக்கொண்டாள். பக்கத்து பெஞ்சில் பெண் உருவமாகத் தெரிந்த யாரோ ஒருத்தியின் பக்கம் திரும்பி, "என்னைக் கொஞ்சம் அந்த ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்களாம்மா? என்கூட யாரும் வரலை" என்றாள்.